ரேகிஷ் பேடியைத் தேடி: டப்ளினிலிருந்து மில்டவுன் மால்பே வரை

ஜானி டோரன் வாசித்த ‘ரேகிஷ் பேடி’யைக் கேட்டவர்களிடம் நான் ஏன் அயர்லாந்து போனேன் என்று விளக்க வேண்டியதில்லை. கேட்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன்.

ரேகிஷ் பேடி ஒரு ரீல். ரீல் என்பது நான்கு எண்ணிக்கையில் வேகமாக ஓடும் நடன மெட்டு. இதன் வேர் ஸ்காட்லாந்தில், மக்கென்சி குலத்தாரின் ‘காபர் ஃபே’ என்ற மெட்டில் இருக்கிறது. கடல் தாண்டி அயர்லாந்துக்கு வந்து, பெயரும் நடையும் மாறி, அங்கேயே ஊறிப்போய்விட்டது. டோரன் அதை இல்லன் பைப்ஸ் என்ற ஐரிஷ் பைக்குழலில் வாசித்தார். இந்தக் கருவியில் வாயால் ஊதுவது கிடையாது. ஒரு முழங்கையால் துருத்தியை அழுத்திக் காற்றை நிரப்பி, மறு முழங்கையால் பையை அமுக்கி, விரல்களால் குழலை வாசிக்க வேண்டும். போதாததற்கு, மடியில் கிடக்கும் ரெகுலேட்டர் குழாய்களின் சாவிகளை மணிக்கட்டால் தட்டி இடையிடையே சுரக்கூட்டுகளும் எழுப்ப வேண்டும்.

டோரன் 1908இல் பிறந்த நாடோடிக் கலைஞர். குதிரை வண்டியில் குடும்பத்தோடு ஊர் ஊராகப் போய், சந்தைகளிலும் குதிரைப் பந்தயங்களிலும் வாசித்துப் பிழைத்தவர். ஜான் கெல்லி என்ற பிடில் கலைஞர் விடாமல் வற்புறுத்தியதால், 1947இல் ஐரிஷ் நாட்டார் வழக்காற்று ஆணையத்துக்காக கெவின் டானஹர் அவரது வாசிப்பை இசைத்தட்டுகளில் பதிந்தார். 1948 ஜனவரியில் டப்ளினில் நிறுத்தியிருந்த அவருடைய வண்டிமேல் சுவர் இடிந்து விழுந்தது. முதுகு நொறுங்கியது. 1950இல் இறந்துவிட்டார். ஆக, அவர் கையின் ஒலியாக இன்று உலகத்தில் இருப்பது 1947இன் அந்தத் தட்டுகள் மட்டும்தான். ஜான் கெல்லி பேசாமல் இருந்திருந்தால் என்று நினைக்கவே எனக்குப் பயமாக இருக்கிறது.

டப்ளினில் மெரியன் சதுக்கம் 73ஆம் எண் வீட்டில் ஐரிஷ் மரபிசை ஆவணக் காப்பகம் இருக்கிறது. 1987இல் தொடங்கியது. செங்கல் முகப்பும் உயரமான சன்னல்களும் கொண்ட பழைய வீடு. யார் வேண்டுமானாலும் போய்க் கேட்கலாம், படிக்கலாம், காசு வாங்குவதில்லை. அங்கே ஹெட்போனை மாட்டிக்கொண்டு, பக்கத்தில் ஃபிரான்சிஸ் ஓநீலின் தொகுப்பை விரித்து வைத்துக்கொண்டேன்.

ஓநீல் கதையே தனி. கார்க் பகுதியில் 1848இல் பிறந்து, கப்பலேறி, கடைசியில் சிகாகோ நகரக் காவல்துறைத் தலைவர் ஆனவர். சிகாகோவில் வாழ்ந்த ஐரிஷ் கலைஞர்களிடமிருந்து மெட்டுகளைச் சேகரித்தார். சுரக்குறிப்பு எழுதுவது அவருக்குக் கைவராததால், ஜேம்ஸ் ஓநீல் என்ற சக காவலர் கேட்டுக் கேட்டு எழுதிக்கொடுத்தார். 1903இல் வெளியான பெரிய தொகுப்பில் 1850 மெட்டுகள். 1907இல் நடன மெட்டுகளுக்கென்றே இன்னொன்று வந்தது, அதில் 1001.

ஓநீலின் பக்கத்தில் ரேகிஷ் பேடி சில வரிகளில் முடிந்துவிடுகிறது. அலங்காரக் குறிகள் மிகக் குறைவு. நடனத்துக்கு வாசிப்பவருக்கு எலும்புக்கூடு போதும், சதையை அவரே வைத்துக்கொள்வார். சரி என்று டோரனின் பதிவை வேகம் குறைத்துப் போட்டு, நானும் எழுத உட்கார்ந்தேன்.

முதல் சுரத்திலேயே நின்றுவிட்டேன்.

மெட்டு தொடங்குவதே சி என்ற சுரத்தில்தான். நம் கணக்கில் டி-யை ஷட்ஜமமாக வைத்தால் சி என்பது நிஷாதம். அது தாழ்ந்து நிற்கும் கைசிகி நிஷாதமா, அரைச் சுரம் ஏறிய காகலி நிஷாதமா? காகிதத்துக்கு இரண்டில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: சுரத்தை அரைச் சுரம் ஏற்றும் சார்ப் குறி உண்டு அல்லது இல்லை. டோரன் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறார். ஓர் இடத்தில் கொஞ்சம் மேலே, இன்னோர் இடத்தில் கீழிருந்து வழுக்கி ஏறுகிறார். மெட்டின் அழகில் பாதி அங்கேதான் இருக்கிறது என்று எனக்குப் பட்டது. அச்சிட்ட பக்கத்தை மட்டும் பார்த்து பியானோவில் வாசித்தால் அந்தப் பாதி வராது. அதற்காக ஓநீலைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அவர் சேர்த்து வைத்ததைப் பிடித்துக்கொண்டு தலைமுறை தலைமுறையாக எத்தனையோ பேர் வாசிக்கிறார்கள்.

இந்தச் சந்தேகத்தோடு மேற்கே போனேன். டப்ளின் ஹியூஸ்டன் நிலையத்தில் ரயிலேறி, லிமரிக் வழியாக எனிஸ், அப்புறம் பேருந்தில் மில்டவுன் மால்பே. அட்லாண்டிக் காற்று அறையும் சின்ன ஊர். இந்த ஊர்த் தச்சர் வில்லி கிளான்சி, 1930களில் உள்ளூர்க் குதிரைப் பந்தயத்துக்கு வந்த டோரனின் வாசிப்பைக் கேட்டுத்தான் இந்தக் கருவியில் பைத்தியமானார். பின்னாளில் அயர்லாந்தின் மிகச் சிறந்த பைப் கலைஞர்களில் ஒருவரானார். 1973இல் அவர் மறைந்த அதே ஆண்டில் அவர் பெயரில் தொடங்கிய கோடைப் பள்ளி, ஒவ்வோர் ஆண்டும் ஜூலையில் நடக்கிறது. அந்த வாரம் ஊர் முழுக்க இசைதான். மதுக்கூடம், சமையலறை, நடைபாதை, எங்கே திரும்பினாலும் யாரோ வாசித்துக்கொண்டிருப்பார்கள்.

மதுக்கூடம் ஒன்றின் பின்னறையில், பெரியவர் ஒருவர் பைப்ஸுக்குக் காற்றேற்றிக்கொண்டிருந்தார். என் நோட்டைக் காட்டி, “இந்த சி-யை எப்படி எழுதுவது?” என்று கேட்டேன்.

“எந்த சி?” என்றார்.

குழலை எடுத்து ஒவ்வொன்றாகக் காட்டினார். ஒரு விரலமைப்பில் ஒரு சி, துளைகளை வேறு மாதிரி மூடினால் கொஞ்சம் ஏறிய சி, விரலை மெல்ல நகர்த்தினால் அடியிலிருந்து எழுந்து வரும் சி. ஒவ்வொன்றிலும் ரேகிஷ் பேடியின் முதல் அடியை வாசித்தார். மெட்டின் முகமே மாறியது. மூன்றாவதை அவர் வாசித்தபோது எனக்கு டோரன் கேட்டது. என் நோட்டை வாங்கி, நான் எழுதியிருந்த சுரத்தின் தலைக்கு மேல் சின்னதாக ஓர் அம்புக்குறி போட்டுக்கொடுத்தார், மேல் நோக்கி.

டோரனின் பதிவுகள் ‘தி பஞ்ச் ஆஃப் கீஸ்’ என்ற பெயரில் 1988இல் வெளிவந்தன. கேட்க விரும்புகிறவர்கள் அந்தப் பெயரில் தேடுங்கள். 1969இல் ஃபேர்போர்ட் கன்வென்ஷன் என்ற ஆங்கிலக் குழு மின்கிதாரோடு இதே மெட்டை ஒரு கோவையில் வாசித்திருக்கிறது, அதுவும் எனக்குப் பிடிக்கும். ஆனால் முதலில் டோரனைக் கேளுங்கள். வேகத்தில் மயங்காமல், தொடக்கத்தில் வரும் அந்த சி-யை மட்டும் கவனியுங்கள்.