பள்ளத்தூர் வீடும் மறதிக்கார பென்டிரைவும்

முன்னோரை வணங்கும் படைப்புக்குப் பங்காளிகள் கூடினால்தான் எங்கள் செட்டிநாட்டுப் பள்ளத்தூர் வீட்டுப் பெட்டகங்கள் திறக்கும். இந்த முறை எங்களுக்கு முன்பே கறையான் திறந்துவிட்டிருந்தது. இரண்டு இசைகுடிமானங்களின், அதாவது திருமணப் பதிவு ஆவணங்களின், ஓரம் போய்விட்டது. கொண்டுவிற்க, அதாவது கடல் கடந்து வியாபாரத்துக்கு, போன இடத்திலிருந்து, 1930களில் பாட்டையா எழுதிய ரங்கூன் கடிதங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. மிஞ்சியதையெல்லாம் ஸ்கேன் செய்து, இரண்டாம் கட்டில் இருக்கும் நாஸ் பெட்டியில் (வீட்டு நெட்வொர்க்கில் இணைந்த சேமிப்புப் பெட்டி) போட்டுவைப்போம் என்று பேச்சு வந்தது. நான்தான் வாயைக் கொடுத்தேன்.

என் ஸ்கேனர் பழசு. அதற்குப் புது விண்டோஸில் டிரைவர் கிடையாது, லினக்ஸில் செருகினால் உடனே வேலை செய்கிறது. மடிக்கணினியோ அயித்தானுடையது. "கடைக் கணக்கு உள்ளே இருக்கு, ஹார்ட் டிஸ்க்ல மட்டும் கை வச்சிராதே" என்று சொல்லித்தான் கொடுத்தார். அதனால் லினக்ஸ் மின்ட்டைப் பென்டிரைவிலிருந்தே ஓட்டினேன். வைஃபை உதவவில்லை. முகப்பில் இருக்கும் ரூட்டரின் சிக்னல் அந்தச் சுவர்களைத் தாண்டி இரண்டாம் கட்டுக்கு வருவதாவது! தேக்கு நிலையில் ஆணி அடிக்கவும் யாரும் விடமாட்டார்கள். ஆத்தங்குடித் தளத்தின் ஓரமாகவே லேன் ஒயரை இழுத்துப் போட்டேன்.

முதல் நாள் ஃபைல் மேனேஜரில் நாஸ் முகவரி, பயனர் பெயர், கடவுச்சொல் எல்லாம் கொடுத்து நாற்பது படம் ஏற்றினேன். மதியம் கரண்ட் போனது. மடிக்கணினியின் பேட்டரி செத்துப்போன ஒன்று, அதனால் அதுவும் கூடவே அணைந்தது. திரும்பப் போட்டால் எதுவும் ஞாபகம் இல்லை. மாலையில் மறுபடியும் அதே கதை. "ஏண்டா தம்பி, காலையிலதான அதுக்குப் பாஸ்வேர்டு சொன்னே? இன்னுமா கேக்குது?" என்றார் அப்பத்தா.

அது அப்படித்தான் கேட்கும். லைவ் லினக்ஸின், அதாவது ஹார்ட் டிஸ்க்கில் நிறுவாமல் ஓடும் லினக்ஸின், கோப்புகள் பென்டிரைவில் ஸ்குவாஷ்எஃப்எஸ் என்ற சுருக்கிய வடிவில் இருக்கின்றன. அதைப் படிக்கலாம், அதில் எழுத முடியாது. நாம் செய்யும் மாற்றமெல்லாம் ரேமில் ஒரு மேலடுக்காகத்தான் நிற்கும். கரண்ட் போனால் அடுக்கும் போச்சு. அந்த அடுக்கைப் பென்டிரைவிலேயே தங்கவைப்பதற்குப் பெர்சிஸ்டன்ஸ் என்று பெயர். இப்படிப் பென்டிரைவ் தயாரிக்கும் மென்பொருளான ரூஃபஸில் 2019 முதல் இதற்கு ஒரு ஸ்லைடர் இருக்கிறது. 32 ஜிபி பென்டிரைவில் 10 ஜிபி ஒதுக்கி, பென்டிரைவை முதலிலிருந்து மறுபடி தயாரித்தேன். பழைய வழிகாட்டிகள், மாற்றங்களைச் சேமிக்கச் சொல்லும் கேஸ்பர்-ஆர்டபிள்யூ கோப்பை ஃபேட்32 வடிவிலுள்ள பென்டிரைவில் வைத்தால் 4 ஜிபிக்கு மேல் போகாது. ரூஃபஸ் உருவாக்கும் தனிப் பார்டிஷனுக்கு அந்த வரம்பு இல்லை.

அடுத்து, நாஸ் தானாக மவுண்ட் ஆவதற்கு, அதாவது கணினியில் ஒரு அடைவாக (ஃபோல்டராக) இணைவதற்கு, எல்லோரும் செய்வதைத்தான் செய்தேன்: எதை எங்கே மவுண்ட் செய்வது என்ற பட்டியலான எஃப்எஸ்டேப் கோப்பில் ஒரு வரி. அப்போதைக்கு அருமையாக மவுண்ட் ஆனது. ரீஸ்டார்ட் செய்தேன், காணோம். மறுபடி எழுதினேன், மறுபடி காணோம். பெர்சிஸ்டன்ஸே வேலை செய்யவில்லை என்று நினைத்து, பென்டிரைவை இன்னொரு தடவை அழித்துத் தயாரித்தேன். ஒரு சாயங்காலம் முழுக்க வீண். பிறகுதான் தமிழ் விசைப்பலகை அமைப்பும் டெஸ்க்டாப்பில் போட்ட குறிப்பும் அப்படியே இருப்பதைக் கவனித்தேன். எஃப்எஸ்டேப் மட்டும், ஒவ்வொரு முறையும், ஓவர்லே என்று ஒன்று, டெம்ப்எஃப்எஸ் என்று ஒன்று, அந்த இரண்டே வரியோடு வந்து நின்றது.

இது கேஸ்பரின் வேலை. உபுண்டுவும் அதன் மேல் கட்டிய மின்ட்டும் லைவாக பூட் ஆவதற்குப் பயன்படுத்தும் ஸ்கிரிப்டுகளின் தொகுப்பு அது. பூட் ஆகும்போதே எஃப்எஸ்டேப்பைப் புதிதாக எழுதிவிடுகிறது. காலையில் கடை திறந்ததும் நேற்றைய சிட்டையைக் கிழித்துவிட்டுப் புதுத்தாள் போடுகிற கணக்குப்பிள்ளையோடு சண்டை போட்டு ஆகப்போவதில்லை. அவர் கை வைக்காத இடத்தில் எழுதிவைத்துவிட்டால் போதும்.

அந்த இடம், பூட் ஆகும்போது சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டி. ஈடிசி அடைவில் சிஸ்டம்டி, அதற்குள் சிஸ்டம் என்ற அடைவு இருக்கிறது. அங்கே ஒரு மவுண்ட் யூனிட் எழுதினேன்: எதை, எங்கே, எந்த வகையில் மவுண்ட் செய்வது என்று நாலைந்து வரி. இங்கேயும் ஒரு இடறல். கோப்பின் பெயரும் மவுண்ட் ஆகும் பாதையும் ஒத்துப்போக வேண்டும், பாதையில் வரும் சாய்கோடு பெயரில் சிறுகோடாகும். அடைவுக்கு ஆங்கில எழுத்தில் 'பழைய-படம்' என்று நடுவில் சிறுகோட்டோடு பெயர் வைத்திருந்தேன். அதையும் சாய்கோடாக எடுத்துக்கொண்டு ஏற்க மறுத்தது. மாற்றி எழுத சிஸ்டம்டி-எஸ்கேப் என்ற கட்டளை உண்டு. நான் பெயரைப் 'படம்' என்று சுருக்கிவிட்டு வேலையைப் பார்த்தேன்.

கூடவே அதே பெயரில் ஒரு ஆட்டோமவுண்ட் யூனிட் எழுதி, அதை மட்டும் எனேபிள் செய்தேன். இதைத் தவறவிடாதீர்கள். கரண்ட் வந்ததும் மடிக்கணினி, ரூட்டர், நாஸ் மூன்றையும் ஒன்றாகத்தான் போடுகிறோம், கடைசியில் எழுந்திருப்பது நாஸ்தான். பூட் ஆகும்போதே மவுண்ட் செய்யச் சொன்னால் தோற்றுவிடும். ஆட்டோமவுண்ட் என்றால் அந்த அடைவை யாராவது திறக்கும்போதுதான் தேடிப் போகும்.

கடவுச்சொல்லைத் தனிக் கோப்பில் வைத்து 600 அனுமதி (உரிமையாளர் மட்டும் படிக்கவும் எழுதவும்) கொடுத்தேன். அதை நம்பிவிட முடியாது. பென்டிரைவ் கையில் கிடைத்தால் வேறு கணினியில் செருகி யாரும் படிக்கலாம். அதனால் நாஸில் அந்த ஒரு அடைவுக்கு மட்டும் உரிமையுள்ள தனிப் பயனரை உருவாக்கினேன். மவுண்ட் ஆகியும் ரூட் என்ற நிர்வாகிப் பயனருக்கு மட்டுமே எழுத முடிந்தது, ஆப்ஷனில் லைவ் பயனரின் யூஐடியை (பயனர் எண்ணை) சேர்த்ததும் சரியானது. என் பென்டிரைவில் அது 999. நாஸின் ஐபி முகவரி மாறாதபடி ரூட்டரில் ஒதுக்கியும் வைத்தேன்.

மறுநாள் பதினொரு மணிக்கு வழக்கம்போலக் கரண்ட் போனது. வந்ததும் போட்டேன், 'படம்' அடைவைத் திறந்தேன், இரண்டு நொடி யோசித்தது, நேற்றைய படங்கள் வந்து நின்றன. அப்பத்தா எட்டிப் பார்த்து, "இன்னைக்குக் கேக்கலையா?" என்றார்.

முதல் பெட்டகம் முடிந்தது. ரங்கூன் கடிதங்களை இன்னும் தொடவில்லை. ஈரம் காய்ந்த பிறகு, அப்பத்தா பக்கத்தில் இருக்கும்போதுதான் பிரிக்க வேண்டுமாம்.