சிவகாசியிலிருந்து ஒரு இரும்புக்கை

பரணைச் சுத்தம் செய்யப் போனவன் ஒரு மணி நேரமாக அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். காரணம், பழைய முத்து காமிக்ஸ் கட்டு. அட்டை போய்விட்டது, மாயாவி மட்டும் அப்படியே இருக்கிறார்.

பட்டாசுக்கும் காலண்டருக்கும் பேர்போன சிவகாசியில் 1972இல் சௌந்திரபாண்டியன் தொடங்கியது முத்து காமிக்ஸ். முதல் இதழே ‘இரும்புக்கை மாயாவி’தான். ஆசாமி அசல் இங்கிலாந்துக்காரர், பெயர் லூயிஸ் கிராண்டெல். மின்சாரம் பாய்ந்தால் உடம்பு முழுக்க மறைந்துவிடும், இரும்புக்கை மட்டும் அந்தரத்தில் மிதக்கும். இதைப் படித்துவிட்டு பிளக் பாயின்ட்டை ஆசையாகப் பார்க்காத பையன் எங்கள் தெருவில் கிடையாது. (தொட்டதில்லை, பயம்!)

1984இல் சௌந்திரபாண்டியனின் மகன் விஜயன் லயன் காமிக்ஸைத் தொடங்கினார். அப்போது அவருக்கு இருபது வயதுகூட ஆகவில்லை. முதல் இதழில் நாயகி மாடஸ்டி பிளைசி. கொஞ்ச நாளிலேயே ஸ்பைடர் வந்தான். கதாநாயகனே கொள்ளைக்காரன், கேட்கவா வேண்டும்? அப்புறம் குதிரையில் டெக்ஸ் வில்லர்.

நடுவில் இதழ்கள் எப்போது வரும் என்றே தெரியாத காலமும் இருந்தது. 2012இல் ‘கம்பேக் ஸ்பெஷல்’ போட்டுத் திரும்பி வந்தார்கள். இப்போது பளபள தாள், முழு வண்ணம், சந்தா, புத்தகக் காட்சியில் தனி ஸ்டால். அழகுதான். ஆனாலும் அந்தச் சாணித்தாள் வாசனை இதில் இல்லை.

பரண் இன்னும் சுத்தமாகவில்லை. கீழேயிருந்து குரல் வருகிறது.