விரிசல் விட்ட கிராங்க்

பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றும் தண்டான கிராங்க் ஷாஃப்டைக் கயிற்றில் தொங்கவிட்டுச் சின்னச் சுத்தியலால் தட்டினேன். நல்ல கிராங்க் ஷாஃப்ட் மணிபோல நீண்டு ஒலிக்கும். இது 'டக்' என்று அடங்கிவிட்டது. பழைய ஒற்றை சிலிண்டர் டீசல் எஞ்சின். உதிரி பாகம் கிடைப்பது நின்று பல வருடமாகிறது. மண்ணெண்ணெயில் ஊறவைத்து, துடைத்து, சாக்பீஸ் பொடியைப் பூசிவிட்டுக் காத்திருந்தேன். பிஸ்டன் ராடு மாட்டும் உருளையான கிராங்க்பின், அதை இருபுறமும் தாங்கும் கனத்த தகடான வெப்போடு சேரும் மூலையில், தலைமுடி கனத்தில் ஓர் ஈரக்கோடு வெள்ளைப் பொடியில் மெல்ல ஊறி எழுந்தது.

“வெல்டு வெச்சுக் குடுத்துடு தம்பி, ஓடுற வரைக்கும் ஓடட்டும்” என்றார் எஞ்சின்காரப் பெரியவர்.

“இல்லங்கய்யா, அந்த இடத்துல வெல்டு நிக்காது” என்றேன். தொழிலுக்கு வந்த புதிதில் ஒன்றுக்கு வெல்டு வைத்துக் கொடுத்திருக்கிறேன். சூடேற்றி, சாம்பலுக்குள் புதைத்து ஆறவிட்டு, பார்த்துப் பார்த்துத்தான் செய்தேன். சில மாதத்தில் உடைந்து திரும்பி வந்தது. வெல்டு அப்படியே இருந்தது, அதை ஒட்டிய இரும்பு போயிருந்தது. அந்த உடைந்த முகத்தை இன்னும் மறக்க முடியவில்லை.

ஆகவே பழைய கிராங்க்பின்னை வெட்டியெடுத்து, புதிதாக ஒன்று இறக்குவதென்று முடிவு செய்தேன். இரண்டு வெப்பையும் சேர்த்துப் பிடித்து இடையில் கழற்றாமல் ஒரே செட்டிங்கில் 50 மி.மீ. துளை போட்டேன். பின்னின் முனைகளை அதைவிட 0.05 மி.மீ. கூடுதலாக விட்டேன். சூடேற்றும்போது தெர்மாமீட்டரைவிட நான் நம்புவது, எமரி தேய்த்துப் பளபளப்பாக்கிய ஒரு சின்ன இடத்தைத்தான். அது வெளிறிய வைக்கோல் நிறத்துக்கு வந்தால் சூடு 230 டிகிரியைத் தொட்டுவிட்டது என்று அர்த்தம். அந்தச் சூட்டில் துளை 0.12 மி.மீ. போல விரிந்திருக்கும், கிராங்க்பின் கையாலேயே வழுக்கி இறங்கும். அதன்பிறகு கிடைப்பது சில நொடிகள்தான். இரும்பு கவ்விப் பிடித்துவிட்டால் பிறகு அசைக்க முடியாது. ஆறியபின் ஷாஃப்டின் இரு முனைகளையும் லேத் சென்டரில் மாட்டி, கோணலைக் காட்டும் முள் வைத்த டயல் கேஜை வைத்துச் சுற்றினேன், முள் 0.03 மி.மீ.க்குள் நின்றது.

ஆனால் விரிசல் ஏன் வந்தது என்று தெரியாமல் ஷாஃப்டைத் திருப்பிக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. வெட்டியெடுத்த துண்டைப் பிளந்து பார்த்தேன். ஒரு புள்ளியில் தொடங்கி, அலை அலையாகக் கோடுகள் பரவியிருந்தன, திரும்பத் திரும்ப வளைந்து இரும்புக்கு வரும் நாள்பட்ட களைப்பு. தொடங்கிய புள்ளி சரியாக மூலையில். முன்பு யாரோ கிரைண்டிங் செய்தபோது அங்கே இருக்கவேண்டிய வளைவை எடுத்துவிட்டுச் சதுரமாக விட்டிருக்கிறார்கள். அளவு மட்டும் துல்லியம்.

அது பாதிக் காரணம். எஞ்சின் இருந்த இடத்துக்கே போய்ப் பார்த்தேன். ஃப்ளைவீல் பக்கத்து வெளி பேரிங் தேய்ந்து இறங்கியிருந்தது. கனத்த சக்கரம் ஷாஃப்டைக் கீழே இழுக்க, ஒவ்வொரு சுற்றிலும் அது வளைந்து நிமிர்ந்திருக்கிறது. 600 ஆர்பிஎம் என்றால் மணிக்கு 36,000 தடவை. எந்த இரும்பு தாங்கும்?

புதுப் பின்னின் மூலைகளில் 3 மி.மீ. வளைவு விட்டிருந்தேன். பேரிங்கை உயர்த்தி, வெப்களுக்கு நடுவே டயல் கேஜை வைத்து, நான்கு நிலைகளிலும் முள் ஏறக்குறைய அசையாமல் நிற்கும்வரை பேரிங்குக்கு அடியில் ஷிம் என்னும் மெல்லிய தகடுகளை மாற்றி மாற்றிப் போட்டேன். ஷாஃப்ட் வேலையைவிட அதற்குத்தான் அதிக நேரம் பிடித்தது. பெரியவர் பக்கத்திலேயே உட்கார்ந்து முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தார். கிளம்பும்போது, 100 மணி நேரம் ஓடியதும் மறுபடி அளக்க வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.