கூத்து ஜமாவுக்கு வாரிய அட்டை வாங்கிய கதை

எங்கள் வட ஆற்காட்டுப் பக்கம் பங்குனி பிறந்துவிட்டால் ஆடி முடியும்வரை கூத்துக்காரர்களைப் பகலில் விழித்த நிலையில் பார்ப்பது அரிது. இரவு பத்து மணிக்கு மேல் களரி கட்டினால் விடிந்துதான் வேஷம் கலைப்பார்கள். அடுத்த ஊருக்குப் போகும் வேனிலேயே தூக்கம். அரசு அலுவலகமோ காலை பத்து மணிக்குத் திறந்து மாலை ஐந்தே முக்காலுக்கு மூடிவிடும். எங்கள் ஊர் ஜமாவை, அதாவது கூத்துக் குழுவை, தமிழக அரசின் நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் சேர்க்கக் கிளம்பியபோது முதலில் இடித்தது இதுதான். எனவே பதிவு செய்ய நினைக்கும் ஜமாக்காரர்கள் ஐப்பசியிலோ கார்த்திகையிலோ வேலையைத் தொடங்குங்கள். மழை மாதத்தில் கூத்து இல்லை. ஆட்கள் வீட்டில் கிடைப்பார்கள்.

ஜமாவை நடத்தும் வாத்தியார் என் தாய்மாமன். எனக்கு அடவும் தெரியாது, தாளமும் நிற்காது. பக்கத்து டவுனில் ஓர் அச்சகத்தில் டிடிபி வேலை பார்க்கிறேன். தாளோடும் படிவத்தோடும் பழகியவன் என்பதால் பொறுப்பு என் தலையில் விழுந்தது. மிருதங்கக்காரரின் மகள் நர்சிங் படிப்பில் சேர்ந்த வருடம் அது. வாரியத்தில் உறுப்பினராக இருந்தால் பிள்ளைகளின் படிப்புக்கு உதவித்தொகை உண்டு என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். "மாப்பிள்ளை, இத்தனை வருஷம் நாம் ஏன் இதைக் கேட்கவில்லை?" என்று மாமா என்னிடம் கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

ஊரில் எல்லோரும் 'கலைஞர் பென்ஷன்' என்று ஒரே பெயரில் பேசுவது உண்மையில் இரண்டு தனிச் சங்கதிகள். நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம் 2007இல் அமைக்கப்பட்டது. 18 வயது நிறைந்து 60ஐத் தாண்டாதவர்கள் அதில் உறுப்பினர் ஆகலாம். பிள்ளைகளின் கல்வி, திருமணம், மகப்பேறு, மூக்குக்கண்ணாடி, விபத்து, இறப்பு என்று உதவிகள் அதன் வழியாக வருகின்றன. மாதாமாதம் 3,000 ரூபாய் கொடுப்பது வேறு. அது நலிந்த நிலையிலுள்ள மூத்த கலைஞர்களுக்கு இயல் இசை நாடக மன்றம் வழங்குவது. மன்றம் 1955லிருந்து இருக்கிறது. விண்ணப்பம் வேறு, தகுதி வேறு. இது தெரியாமல் வயதானவர்கள் வாரியத்திடம் போய்ப் பென்ஷன் கேட்டுத் திரும்புகிறார்கள். இளையவர்களோ "எனக்கு இன்னும் வயசாகவில்லை" என்று வாரியத்தின் பக்கமே போவதில்லை.

ஆதார், குடும்ப அட்டை, வங்கிக் கணக்குப் புத்தகம், நிழற்படம் எல்லாம் எங்களிடம் இருந்தன. ஒருவருக்கு, இரண்டு வங்கிகளை ஒன்றாக்கியதில் கிளையின் ஐஎஃப்எஸ்சி எண் மாறியிருந்தது. இன்னொருவருக்கு ஆதாரில் முனுசாமி, குடும்ப அட்டையில் முனியசாமி. இவை எந்த விண்ணப்பத்திலும் வரும் தொல்லைகள். 'கலைஞர் என்பதற்கான சான்று' என்ற வரியில்தான் நாங்கள் மாட்டிக்கொண்டோம்.

திருவிழா நோட்டீஸ்களைச் சான்றாக வைக்கலாம் என்றார்கள். மாமா வீட்டுப் பரணில் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய நோட்டீஸ் இருந்தது. அத்தனையிலும் அர்ச்சுனன் தபசு, பதினெட்டாம் போர் என்று கூத்தின் பெயர் பெரிதாக இருக்கும். கீழே இன்ன ஊர் வாத்தியார் குழுவினர் என்று ஒரு வரி. அவ்வளவுதான். மீதி இடம் முழுக்க உபயதாரர்கள். மாலை வாங்கித் தந்தவர், சீரியல் பல்பு போட்டவர், அன்னதானத்துக்கு அரிசி மூட்டை கொடுத்தவர் வரை பெயர் இருக்கிறது. இரவு முழுக்கத் திரௌபதியாக நின்று அழுதவனுக்கு ஒரு வரி கிடையாது. இந்த நோட்டீஸ்களில் பலவற்றைக் கணினியில் கோத்தவனே நான்தான் என்பதால் எனக்கு எரிச்சல் கொஞ்சம் கூடுதலாகவே வந்தது.

நோட்டீஸ் போதவில்லை என்றதும் நிழற்படங்களை எடுத்துக்கொண்டு போனோம். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் பொறுமையானவர். துரியோதனன் வேஷப் படத்தைக் கையில் எடுத்து, எதிரே நின்ற மூன்று பேரையும் மாறிமாறிப் பார்த்தார்.

"இதில் இருப்பது யார்?"

"நான்தான் சார்."

"எப்படி நம்புவது?"

நியாயமான கேள்வி. முகம் முழுக்கச் சிவப்பு அரிதாரம், அதன்மேல் வெள்ளைப் புள்ளிகள், ஒட்டு மீசை, தலையில் கண்ணாடிச் சில்லு பதித்த கிரீடம், தோளில் புஜக்கட்டை. பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாது. தெரிந்தால் அது நல்ல வேஷமும் இல்லை. தன் தொழிலைச் சரியாகச் செய்த ஒரே காரணத்தால் அந்த மனிதர் தன்னை நிரூபிக்க முடியாமல் நின்றார்.

இதற்கு வழி சொன்னவர், கூத்தில் கதையை அறிமுகம் செய்து சிரிக்கவும் வைக்கும் கட்டியங்காரன் வேஷம் போடுபவர். அடுத்த கூத்தன்று ஒப்பனைக்கு உட்காரும்போது ஒவ்வொருவரையும் ஒரே இடத்தில், ஒரே பாயில் வைத்து மூன்று படம் எடுத்தோம்: வெறும் முகம், பாதி முகத்துக்கு மட்டும் அரிதாரம், முழு வேஷம். மூன்றையும் ஒரே தாளில் வரிசையாக அச்சிட்டு, கீழே பெயரையும் வேஷத்தையும் போட்டேன். பாதி முகப் படங்கள் அபாரமாக வந்திருந்தன. ஒரு பக்கம் துரியோதனன் முறைக்கிறான். மறுபக்கம் கடலைக்காட்டில் களை எடுத்துவிட்டு வந்த மனிதர் கேமராவுக்காகச் சிரிக்கிறார். அலுவலகத்தில் அந்தத் தாள்களைப் பக்கத்து மேசைக்காரர்களும் வாங்கிப் பார்த்தார்கள். அதற்குப் பிறகு முகத்தைப் பற்றிக் கேள்வி வரவில்லை.

வாத்தியக்காரர்களின் சிக்கல் வேறு. மிருதங்கக்காரரின் ஆதாரில் பழைய செல்பேசி எண் இருந்தது. ஓடிபி எங்கோ யாருக்கோ போய்க்கொண்டிருந்தது. எண்ணை மாற்றலாம் என்று ஆதார் மையத்துக்குப் போனால், கைரேகைக் கருவி அவர் விரலை ஏற்கவே இல்லை. சிறுவயதிலிருந்து தோலில் அடித்தடித்து ரேகை தேய்ந்துபோயிருந்தது. எங்கள் கையில் சான்று இல்லை என்று அலைகிறோம், அவர் விரலிலேயே இருக்கிறது! கடைசியில் கருவிழியைப் பதிவு செய்து வேலையை முடித்தார்கள். ரேகை விழாதவர்கள் கருவிழியை வைத்துப் பார்க்கும்படி நீங்களாகவே கேளுங்கள்.

மேடையில் பாடும், வாசிக்கும் காணொளி இருந்தாலும் நல்லது என்று சொல்லியிருந்தார்கள். ஊர்ப் பையன்கள் எடுத்தது நிறையவே இருந்தது, அனுப்புவதுதான் பாடு. எங்கள் ஊரில் தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே நின்றால்தான் சிக்னல். ஊராட்சிகளுக்கு இணையம் தரும் பாரத்நெட் திட்டத்தின் கம்பி ஊருக்கு வரவில்லை என்று சொல்ல முடியாது. 2011இல் வேறு பெயரில் மத்திய அரசு தொடங்கிய திட்டம் அது. தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழை கொண்டுபோகும் பொறுப்பு மாநில அரசின் டான்ஃபினெட் நிறுவனத்திடம் இருக்கிறது. மின்கம்பங்களின் மேலேயே கம்பி வந்து ஊராட்சி அலுவலகச் சுவரில் இறங்கிவிட்டது. ஆனால் அலுவலகம் பூட்டியிருந்தால் இணையமும் உள்ளேயே பூட்டியிருக்கும். காணொளிகளைப் பென் டிரைவில் போட்டுக்கொண்டு போய் அச்சகத்திலிருந்துதான் ஏற்றினேன்.

கலைக்கு ஒரு துறை, இணையத்துக்கு ஒரு துறை என்று அரசு பிரித்து வைத்திருப்பதில் தவறில்லை. ஆனால் ஒரு கூத்து ஜமாவுக்கு இவை இரண்டும் ஒரே தேவை. ஏற்றிய காணொளியைப் பெங்களூரில் கட்டட வேலை பார்க்கும் எங்கள் பக்கத்து ஆட்கள் பார்த்துவிட்டு, தங்கள் ஊர்த் திருவிழாவுக்கு மாமாவிடம் வெற்றிலை பாக்கு வைத்து முன்பணம் கொடுத்தார்கள். அந்தக் கம்பியை நூலகத்துக்கோ கோயில் மண்டபத்துக்கோ இன்னும் கொஞ்சம் நீட்டினால் போதும்.

அட்டைகள் வந்து சேர்ந்தன. மிருதங்கக்காரர் மகளின் கல்வி உதவிக்கு விண்ணப்பம் போட்டாயிற்று. வாத்தியங்களோடு நிகழ்ச்சிக்குப் போகும் நாட்டுப்புறக் கலைஞர்களுக்கு அரசுப் பேருந்தில் பாதிக் கட்டணச் சலுகை இருப்பதும் இந்த அலைச்சலில்தான் தெரிந்தது. வேன் வாடகை கட்டுப்படியாகாத தூரத்துக்கு அது உதவும்.

இப்போது எங்கள் அச்சகத்துக்கு வரும் கூத்து நோட்டீஸ்களில் நடிகர், பின்பாட்டு, மிருதங்கம், ஆர்மோனியம், முகவீணை (நாகசுரம் போன்ற சிறிய ஊதுகுழல்) என்று எல்லாப் பெயரையும் போடுகிறேன். ஒரு விழாக் குழுத் தலைவர் சண்டைக்கு வந்தார், உபயதாரர் பட்டியலுக்கு இடம் குறைகிறதாம். எழுத்தின் அளவைக் குறைத்து இரு தரப்பையும் உள்ளே அடக்கினேன். காகிதச் செலவு கூடவில்லை என்று காட்டிய பிறகுதான் மனிதர் அடங்கினார்.

முகவீணை வாசிக்கும் பெரியவருக்கு மட்டும் வேலை முடியவில்லை. 60ஐக் கடந்துவிட்டதால் வாரியத்தில் இடமில்லை. மன்றத்தின் மாத உதவிக்குத்தான் போக வேண்டும். அதற்கு வருமானச் சான்று தேவை. இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டி விண்ணப்பித்தோம். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் என்று ஒவ்வொரு மேசையாக நகர்ந்து இப்போது தாலுகா அலுவலகத்தில் இருக்கிறது. நீங்கள் போடுவதானால் மற்ற தாள்களை எல்லாம் சேர்த்து வைத்துக்கொண்டு இதைக் கடைசியில் வாங்குங்கள். சான்றுக்குக் காலக்கெடு உண்டு. முதலிலேயே வாங்கி வைத்தால் மற்றவை சேர்வதற்குள் அது காலாவதியாகி, மறுபடி 60 ரூபாயிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.