பாட்டியின் டப்பாவில் இருந்த மூன்று டிராகன் காசுகள்

பினாங்கில் பாட்டி காலமான பிறகு, அலமாரியின் அடித்தட்டில் ஒரு பழைய பால்மாவு டப்பா கிடைத்தது. உள்ளே மூன்று பெரிய வெள்ளிக் காசுகள். ஒரு பக்கம் சுருண்டு படுத்த டிராகன். மறுபக்கம் இலைமாலைக்கு நடுவே மேலும் கீழுமாக இரண்டு எழுத்துகள். மலேசியத் தமிழர்களான நாங்கள் ரிங்கிட்டை இன்றும் ‘வெள்ளி’ என்றுதான் சொல்கிறோம். அந்தச் சொல்லின் கனத்தை அன்றுதான் உள்ளங்கையில் உணர்ந்தேன்.

19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பினாங்கு, சிங்கப்பூர்ப் பக்கம் மெக்சிகோ டாலரோடு ஜப்பானிய யென்னும் புழங்கியது. பூட்டனார் அப்படிச் சேர்த்த காசாக இருக்க வேண்டும். எனக்கு வேலை ஒசாகாவில். மூன்றையும் பருத்தித் துணியில் தனித்தனியே சுற்றி, அவை அச்சான நாட்டுக்கே எடுத்து வந்தேன்.

முதலில் ஆண்டைப் படிக்க வேண்டும். ஜப்பானிய எண்களில் ஒன்றும் இரண்டும் படுக்கைக் கோடுகள். பத்து என்பது கூட்டல் குறி போன்றது. முதல் காசில் இடமிருந்து ஒரு கோடு, ஒரு கூட்டல் குறி, இரண்டு கோடுகள். காசில் ஆண்டு ‘மெய்ஜி’ என்ற ஜப்பானியப் பேரரசரின் ஆட்சிக் கணக்கில் இருக்கும். பத்தும் இரண்டும் பன்னிரண்டு, மெய்ஜி 12 என்று எழுதிக்கொண்டேன். மெய்ஜி ஆண்டோடு 1867-ஐக் கூட்டினால் நம் ஆண்டு கிடைக்கும், ஆக, 1879.

ஆனால் அளவு ஒத்துவரவில்லை. ஒரு யென் காசின் விட்டத்தை 1887-இல் 38.6 மில்லிமீட்டரிலிருந்து 38.1-ஆகக் குறைத்தார்கள்; எடை மாறவில்லை. என் வெர்னியர் காலிப்பர் 38.1 காட்டியது. மூன்று முறை அளந்தேன். அன்றிரவு தூக்கமே வரவில்லை, ஏதோ அபூர்வ வகை கிடைத்துவிட்டது என்று. மறுநாள் அலுவலகத்தில் ஒரு மூத்த ஜப்பானியச் சகா படத்தைப் பார்த்துவிட்டு, “வலமிருந்து படியுங்கள்” என்றார். அந்தக் காலத்து எழுத்து வலமிருந்துதான் ஓடும். இரண்டு, பத்து, ஒன்று: 21. அதாவது 1888. நம் பழைய தமிழ் எண்ணிலும் இதே முறைதானே! ௰௨ என்றால் பன்னிரண்டு, ௨௰ என்றால் இருபது. வரிசை மாறினால் மதிப்பே மாறிவிடும். இதைத் தெரிந்திருந்த நானே திசையைக் கவனிக்கவில்லை.

அடுத்தது எடை. ஒரு யென்னின் எடை 26.96 கிராம், அதில் பத்தில் ஒன்பது பங்கு வெள்ளி. டிராகனுக்குக் கீழே ஆங்கிலத்தில் 416, 900 என்று இருப்பது இதைத்தான் சொல்கிறது: 416 கிரெய்ன் (பழைய ஆங்கில எடை அளவு) எடை, ஆயிரத்துக்கு 900 வெள்ளி. எடையை மட்டும் நம்பக்கூடாது. சிறிய தராசின் மேல் ஒரு தம்ளர் தண்ணீரை வைத்து, தராசைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, நூலில் கட்டிய காசை அடியில் தொடாமல் முக்கினேன். 2.61 காட்டியது. காசின் எடை 26.84, அதை இதால் வகுத்தால் அடர்த்தி 10.28. இந்த வெள்ளிக்கு 10.3 ஒட்டி வரவேண்டும். மற்ற இரண்டும் தேறின. ஒப்பிட்டுப் பார்க்க ஒரு சந்தைக் கடையில் வாங்கிய ‘மெய்ஜி 7’ காசு 8.76-இல் நின்றது. சேகரிப்பாளர்கள் விரட்டித் தேடுவது மெய்ஜி 7, 8 ஆண்டுக் காசுகளைத்தான். போலி செய்பவர்களுக்கும் அது தெரியும்.

இரண்டாவது காசு மெய்ஜி 28, அதாவது 1895. இலைமாலைப் பக்கத்தில், நடு எழுத்துகளுக்கு இடப்புறம், சின்ன வட்டத்துக்குள் ஓர் எழுத்து அழுந்தியிருந்தது. யாரோ அடித்துக் கெடுத்த தழும்பு என்று நினைத்திருந்தேன். உருப்பெருக்கியில் பார்த்தால் அது ‘கின்’, வெள்ளி என்ற எழுத்து. 1897-இல் ஜப்பான் தன் நாணய மதிப்பை வெள்ளிக்குப் பதில் தங்கத்தின் அடிப்படைக்கு மாற்றியபோது திரும்பப் பெற்ற யென்களில் இந்த முத்திரையை அடித்து தைவானிலும் கொரியாவிலும் புழங்கவிட்டார்கள். இடப்புறம் என்றால் ஒசாகா, வலப்புறம் என்றால் டோக்கியோ. இரண்டையும் வேறுவேறு வகையாகவே பட்டியலிடுகிறார்கள்.

மதிப்புக் கேட்கப் போனபோதுதான் மனம் வலித்தது. கடைக்காரர் முதல் காசை விளக்கின் கீழ் மெல்லச் சாய்த்தார். பளபளப்புக்குள் மயிரிழை போன்ற கீறல்கள், எல்லாம் ஒரே திசையில். சித்தி குத்துவிளக்கைத் துலக்குவதுபோல விபூதி போட்டுத் தேய்த்திருந்தார். ஆசையாகத்தான் செய்தார். ஆனால் அந்தத் தேய்ப்பில் மதிப்பு பாதியாகக் குறைந்துவிட்டது. வீட்டில் பழைய காசு இருந்தால் தயவுசெய்து புளியோ விபூதியோ பற்பசையோ போடாதீர்கள். கறுத்திருந்தால் கறுத்தே இருக்கட்டும். துலக்காமல் தப்பிய இரண்டாவது காசுக்குத்தான் அவர் நல்ல விலை சொன்னார். அந்த முத்திரையிலும் போலி உண்டு என்பதால், விற்பதாக இருந்தால் சான்றிதழ் வாங்கிவிடுங்கள் என்றும் சொன்னார்.

மூன்றாவதில் சீன வணிகர்கள் வெள்ளியைச் சோதித்து அடித்த சிறு முத்திரைகள் நான்கைந்து. மேல் விளிம்பில் பற்றவைத்த வளையம். பாட்டியின் அம்மா சங்கிலியில் கோத்துப் போட்டிருந்தாராம். அதற்குக் கடைக்காரர் சொன்னது வெள்ளியின் எடை விலை, 24 கிராமுக்குச் சற்று மேல். விற்கவில்லை. வளையத்தின் உட்புறம் ஒரு மஞ்சள் நூல்பிசிறு இன்னும் சிக்கியிருக்கிறது. அதை எடுக்காமலே காகித உறையில் போட்டு வைத்திருக்கிறேன்.