கியர் ஆயில் குச்சியும் கொத்தனாரின் ரசமட்டமும்

மூன்று வாரமாக ஒரு சந்தேகம். காலையில் காரை எடுத்து, லீவரை டி-யில் (முன்னே ஓட்டும் நிலை) போட்டால் உடனே இழுக்காமல், ஒரு நொடி தாமதித்துத்தான் நகர்ந்தது. மதுரை கோரிப்பாளையம் சிக்னலில் பச்சை விழுந்ததும் எஞ்சின் சத்தம் மட்டும் ஏறியது; வண்டி அப்புறம்தான் கிளம்பியது. 2011 மாடல், நான்கு கியர் ஆட்டோமேட்டிக், எஞ்சின் சுழற்சியை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வர்ட்டர் ரகம். கியர்பாக்ஸ் ஆயிலைப் பார்க்கத் தனிக் குச்சி உண்டு. இப்போது வரும் பல வண்டிகளில் அது கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை பார்த்துவிடலாம் என்று இறங்கினேன். ஆயில் சூட்டில் விரியும் என்பதால் 70-80 டிகிரிக்கு வந்தபின் அளக்கச் சொல்கிறது வண்டியின் கையேடு. திருநகரிலிருந்து திருமங்கலம் வரை போய்த் திரும்பினேன். போர்டிகோவில் நிறுத்தி, கைப்பிரேக் போட்டு, சக்கரத்துக்குச் செங்கல் வைத்தேன். எஞ்சினை அணைக்கவில்லை. பிரேக்கை மிதித்தபடி லீவரை ஒவ்வொரு நிலையிலும் சில நொடி நிறுத்தி, திரும்ப பி-க்கு (பார்க்கிங்) கொண்டுவந்தேன். எஞ்சின் ஓடும்போதுதான் பம்ப் ஆயிலை எல்லா இடத்துக்கும் ஏற்றி வைத்திருக்கும். அணைத்துவிட்டுப் பார்த்தால் கீழே வடிந்து, அளவு கூடுதலாகக் காட்டும்.

முதல்முறை உருவும்போது குச்சி நெடுக நனைந்திருக்கும். அதைக் கணக்கில் எடுக்கக் கூடாது. பிசிறில்லாத துணியால் துடைத்து மறுபடி விட்டு எடுத்தேன். சூடான ஆயிலுக்கென்று குச்சியில் இருக்கும் இரு கோட்டில் மேல்கோட்டையும் தாண்டி நின்றது. குறைந்திருக்கும் என்று பார்த்தால் நிறைந்திருக்கிறது! மூன்று முறை பார்த்தும் அதேதான்.

பக்கத்து வீட்டுக் கொத்தனார் மாமா எட்டிப் பார்த்தார். “மாப்ள, இது வாட்டம் விட்டுப் போட்ட தரை. மழைத்தண்ணி வாசலுக்கு ஓடணும்ல?” உள்ளே போய் ரசமட்டத்தை எடுத்துவந்து தரையில் வைத்தார். குமிழி ஒரு ஓரத்தில் போய் ஒட்டிக்கொண்டது. இத்தனை வருடம் அந்தத் தரையில் நடந்தும் எனக்கு அது தெரிந்ததில்லை.

தெருமுனைக் கல்யாண மண்டபத்தில் கார் நிறுத்தும் இடம் மட்டமானது. காவலாளியிடம் கேட்டுக்கொண்டு அங்கே கொண்டுபோய், அதே சூட்டில் அளந்தேன். கீழ்க்கோட்டுக்கும் ஒரு நகக்கண் அளவு கீழே நின்றது. வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தேன். பழுப்பு ஏறிய சிவப்பு. கருகல் வாடை இல்லை, இரும்புத் துகள் இல்லை. பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தால் ரேடியேட்டர் தண்ணீர் கலந்திருக்கிறது என்று அர்த்தம். நல்லவேளை, அதுவும் இல்லை.

கடையில் முதலில் பவர் ஸ்டியரிங்குக்கும் ஊற்றுகிற டெக்ஸ்ரான் வகையை எடுத்துக் கொடுத்தார்கள். நிறம் ஒன்றுதான், ஆனால் என் வண்டிக்கு எஸ்பி-3 என்கிற வேறு வகை. நிறத்தை நம்பி வாங்கக் கூடாது. கையேட்டைக் காட்டிக் கேட்டு வாங்கினேன்.

ஊற்றுவதில்தான் பொறுமை வேண்டும். குச்சி போகும் குழாய் வழியாகவே, மெல்லிய ஹோஸ் மாட்டிய புனலில் 100 மில்லி. லீவரை ஒரு சுற்றுக் கொண்டுபோய் அளவு பார்த்து, அடுத்த 100. மொத்தம் 300 மில்லியில் இரு கோட்டுக்கும் நடுவில் வந்தது, அங்கேயே நிறுத்திவிட்டேன். அதிகமானால் உள்ளே சுற்றும் பாகங்கள் ஆயிலைக் கடைந்து நுரையாக்கிவிடும். நுரையில் அழுத்தம் நிற்காது. கூடினதை வெளியே எடுப்பதும் லேசான வேலை இல்லை.

ஆனால் இந்த ஆயில் எஞ்சின் ஆயில்போல எரிந்து குறைவதில்லை. குறைந்தால் எங்கோ கசிகிறது. அன்றிரவு வண்டிக்கடியில் செய்தித்தாள் விரித்து வைத்தேன். விடிந்து பார்த்தால் ரேடியேட்டருக்கு நேர் கீழே ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குச் சிவப்புக் கறை. கியர் ஆயிலைக் குளிர்விக்கும் கூலருக்குப் போகும் ரப்பர் ஹோஸின் முனை வெடித்திருந்தது. அதை நான் தொடவில்லை. மெக்கானிக் அண்ணன் ஹோஸையும் கிளிப்பையும் மாற்றிக் கொடுத்தார். மாற்றும்போது சிந்தியதற்கு இன்னும் கொஞ்சம் ஊற்றினோம்.

இன்றோடு இரண்டு வாரம். செய்தித்தாள் காய்ந்தே இருக்கிறது. காலையில் மண்டபத்தில் நிறுத்தி அளந்தேன். அதே நடு இடம். டி-யில் போட்டதும் வண்டி நகர்கிறது.