வென்ற கோப்பையை விற்பவர் குற்றவாளியா?

கோல்ஃப் வீரர் சாம் ஸ்னீட் 1946ஆம் ஆண்டு செயின்ட் ஆண்ட்ரூஸில் பிரிட்டிஷ் ஓப்பனை வென்றபோது பெற்ற பரிசுத்தொகை 150 பவுண்டு. அமெரிக்காவிலிருந்து போய்வந்த செலவுக்கே அது போதவில்லை. அந்த வெற்றிக்காக அவருக்குக் கிடைத்த கிளாரெட் ஜக் என்னும் வெள்ளிக் கூஜாவை, அவர் இறந்து பதினொரு ஆண்டுகள் கழித்து, 2013இல் ஹெரிட்டேஜ் நிறுவனம் ஏலம் விட்டபோது 2,62,900 டாலருக்குப் போயிற்று. அதுவும் அசல் அன்று. 1873இல் செய்யப்பட்ட அசல் கூஜாவை, அந்தப் போட்டியை நடத்தும் ஆர் அண்ட் ஏ அமைப்பு 1920களின் இறுதியிலேயே தன்னிடம் நிறுத்திக்கொண்டது, வென்றவருக்குப் பிரதிதான்.

என் சித்தப்பா வளைகுடாவில் ஒரு கோல்ஃப் மைதானத்தின் புல்தரையை நெடுங்காலம் பராமரித்தவர் என்பதால், இந்தப் பெயர்கள் எங்கள் வீட்டில் சிறுவயது முதலே புழங்கின. முதுமையில் கோப்பைகளை ஏலத்துக்குக் கொடுக்கும் வீரர்களைப் பற்றிய செய்தி வரும்போதெல்லாம், வறுமையா, நன்றிகெட்டதனமா என்று பலரும் கேட்பது எனக்கு வருத்தமளிக்கிறது. உழைத்து வென்றவருக்கு அதை விற்கும் உரிமை உண்டு என்றே நான் உறுதியாகக் கருதுகிறேன். டென்னிஸ் வீரர் பியார்ன் போர்க் 2006இல் தம் விம்பிள்டன் கோப்பைகளை ஏலத்துக்கு அறிவித்துவிட்டு, பழைய எதிராளி ஜான் மெக்கன்ரோ தொலைபேசியில் பேசிய பின் திரும்பப் பெற்றுக்கொண்டார். விற்க எண்ணியதும் விலக்கிக்கொண்டதும் அவர் முடிவுகளே. அந்த முடிவை எடுக்க அவர் உயிரோடு இருந்தார் என்பதுதான் எனக்கு முக்கியம்.

வீரர் போன பிறகு, பொருளுக்காகப் பேச ஆள் இல்லை. டைகர் உட்ஸ் 2000-2001இல் தொடர்ந்து நான்கு பெரும் போட்டிகளை வென்றபோது ஆடியதாகச் சொல்லப்படும் இரும்பு மட்டைகள் 2010இல் 57,242 டாலருக்கும், 2022இல் 51 லட்சம் டாலருக்கு மேலும் விலைபோயின. அசல் மட்டைகள் உட்ஸின் வீட்டிலேயே இருக்கின்றன என்று அவர் தரப்பு மறுத்திருந்தும் விலை இவ்வளவு ஏறியதற்குக் காரணம், அவற்றை அவரிடமிருந்து பெற்ற, கோல்ஃப் கருவிகள் செய்யும் டைட்டிலிஸ்ட் நிறுவனத்தின் ஊழியர் அளித்த உறுதிமொழிப் பத்திரம். வீரர் உயிரோடிருக்கும்போதே இத்தனை வாதம் என்றால், மறைந்தவரின் பொருளுக்கு என்ன கதி! மாஸ்டர்ஸ் என்னும் கோல்ஃப் போட்டியை வென்றதற்காக ஹார்ட்டன் ஸ்மித் பெற்ற பச்சை மேலங்கி 2013இல் 6,82,229 டாலருக்குப் போனது. நான்கு ஆண்டுகள் கழித்து வேறொரு மேலங்கியின் விற்பனையைத் தடுக்க, அது தனக்கே சொந்தம் என்று அந்தப் போட்டியை நடத்தும் அகஸ்டா நேஷனல் கழகம் நீதிமன்றம் சென்றது. செய்தித்தாளில் வரும் தொகையில் வாங்குபவர் செலுத்தும் ஏலக் கட்டணமும் பெரும்பாலும் சேர்ந்திருக்கும் என்பதால், அது முழுவதும் குடும்பத்தின் கைக்கு வருவதில்லை என்பதையும் விற்பவர்கள் அறிந்திருக்க வேண்டும்.

எங்கள் கடற்கரையில் ஏலம் என்றால் மீன் ஏலம்தான். வெயில் ஏற ஏற விலை இறங்கும் என்பதால் அங்கே அவசரம் நியாயம். கோப்பைக்கு அந்த அவசரம் இல்லை. ஆனால் தூத்தூர் முதல் குளச்சல் வரை கால்பந்தாட்டத்தில் ஊறிய நம் ஊர்களில், அப்பா வென்ற கோப்பைகள் அவர் இறந்த சில மாதங்களிலேயே பழைய பாத்திரக் கடையில் எடைக்குப் போவதை நான் பார்த்திருக்கிறேன். எந்த ஆண்டு, எந்த அணிக்கு எதிராக, யார் அடித்த கோலால் வென்றது என்பது எதிலும் எழுதப்படாததால், வாரிசுகளுக்கு அது வெறும் பித்தளை.

ஆகவே மூத்த ஆட்டக்காரர்களிடம் நான் கேட்பது இதுதான்: ஒவ்வொரு கோப்பைக்கும் ஒரு தாளில் ஆண்டு, போட்டி, உடன் ஆடியவர்கள் பெயர் ஆகியவற்றை எழுதிக் கையொப்பமிட்டு, புகைப்படத்தோடு சேர்த்து வையுங்கள், விற்க வேண்டியது எது, ஊர் நூலகத்துக்கு எது, பேரனுக்கு எது என்பதையும் அதிலேயே குறித்துவிடுங்கள். எழுத இயலாதவர்கள் சொன்னால், நான் வந்து எழுதித் தருகிறேன்.